துருவும் பெயரும்: ஒரு டாட்ஸன் காரின் மறுவிற்பனை

1997-ல் அமெரிக்காவின் சில நிஸ்ஸான் ஷோரூம்களுக்குள் நுழைந்தவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்தார்கள். புத்தம்புதிய குடும்பக் கார்களுக்கு நடுவே இருபத்தைந்து வருடத்துப் பழைய கார் ஒன்று விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தது. நீண்ட மூக்கு, குட்டையான பின்புறம், இரண்டே இருக்கைகள். பெயிண்ட் பளபளத்தது, இருக்கையில் புதுச் சீட்டின் வாசனை அடித்தது. ஆனால் பெயர்ப்பட்டையில் நிஸ்ஸான் என்று இல்லை, டாட்ஸன் என்று இருந்தது. அந்தப் பெயரை அதே கம்பெனி பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே அமெரிக்கச் சந்தையிலிருந்து துடைத்தெடுத்திருந்தது.

அது டாட்ஸன் 240 இசட். விலை 24,950 டாலர், பிறகு 27,500 டாலர். செகண்ட் ஹேண்ட் வியாபாரி எவரும் அதை விற்கவில்லை. தயாரித்த கம்பெனியே தன் பழைய கார்களைத் தேடி வாங்கி, பிரித்து, சீர்செய்து, தன் சொந்த டீலர்கள் மூலம், ஒரு வருடம் அல்லது 12,000 மைல் என்று உத்தரவாதமும் கொடுத்து விற்றது. பெரிய கார் கம்பெனி ஒன்று இப்படிச் செய்வது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். 200 கார்களாவது விற்கலாம் என்று திட்டம். சுமார் நாற்பது கார்களோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஒரு பழைய காரை மீட்டெடுக்கும்போது உண்மையில் எது மீள்கிறது, எது மீள்வதில்லை? இந்தக் கேள்விக்கு அந்த நாற்பது கார்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்தக் கார் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்

யுடாகா கதயாமா 1909-ல் பிறந்தவர். கேயோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1935-ல் நிஸ்ஸானில் சேர்ந்தார். விளம்பரப் பிரிவில் வேலை. கார் என்றால் உயிர். அலுவலக அரசியல் என்றால் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. ஐம்பதுகளில் நிஸ்ஸானுக்குள் நிர்வாகத்தோடு கைகோத்த தொழிற்சங்கம் பலம் பெற்றது. அதோடு ஒத்துப்போகாதவர்கள் மேலே ஏற முடியாத நிலை. கதயாமா ஒத்துப்போகாதவர்.

1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரும் மோபில்காஸ் ட்ரையல் என்ற நீண்ட தூரப் பந்தயத்துக்கு இரண்டு டாட்ஸன் 210 கார்களோடு ஒரு அணியை அழைத்துக்கொண்டு போனார். ஒன்றுக்கு ஃபுஜி என்று பெயர், இன்னொன்றுக்கு சகுரா. ஃபுஜி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஜப்பானில் பெரிய வரவேற்பு. நம் அலுவலகங்களிலும் பார்த்திருப்போம், இப்படிப் பெயர் வாங்கியவருக்குப் பதவி உயர்வு கிடைக்காது, மாற்றல் கிடைக்கும். 1960-ல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவதற்குச் சமமான உத்தரவுதான் அது. அன்றைக்கு ஜப்பானியக் காரை அமெரிக்காவில் யார் வாங்குவார்கள்? அமெரிக்க, ஜப்பானிய கார்த் தொழில்களைப் பற்றி டேவிட் ஹால்பர்ஸ்டாம் 1986-ல் வெளியிட்ட ‘தி ரெக்கனிங்’ என்ற பெரிய புத்தகத்தில் கதயாமாவின் கதை விரிவாக வருகிறது.

கதயாமாவுக்குக் காடு பிடித்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தங்கி, கலிஃபோர்னியாவின் தோட்டக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் டாட்ஸன் பிக்கப் வண்டிகளை விற்க ஆரம்பித்தார். டீலர்களைத் தேடிப் போனார். வண்டி வாங்கியவர்களிடம் என்ன குறை என்று கேட்டார். அதிகாலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை, நெடுஞ்சாலையில் மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் சொன்னதையெல்லாம் டோக்கியோவுக்கு எழுதினார். டோக்கியோ பல நேரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் விடவில்லை. 1968-ல் வந்த டாட்ஸன் 510-க்கு 1600 சிசி இஞ்சின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார். அந்தக் கார் அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவர் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. 1965-லேயே அமெரிக்க நிஸ்ஸான் முழுவதற்கும் தலைவராகியிருந்த அவர், இப்போது கேட்டது ஒரு ஸ்போர்ட்ஸ் கார்.

மூன்றில் இரண்டு பங்கு 510

அந்தக் காரின் உருவத்தை வரைந்த குழுவின் தலைவர் யோஷிஹிகோ மாட்சுவோ. அறுபதுகளில் நிஸ்ஸானுக்கு ஆலோசகராக இருந்த ஜெர்மானிய டிசைனர் ஆல்ப்ரெக்ட் கோயர்ட்ஸின் பெயரைத்தான் இதற்கு நீண்ட காலம் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பி.எம்.டபிள்யூ 507 என்ற அழகான காரை வரைந்தவர், ஊரறிந்த பெயர். மாட்சுவோ கம்பெனிச் சம்பளக்காரர், வெளியே யாருக்கும் தெரியாது. இசட் காரை வரைந்தது மாட்சுவோவும் அவர் குழுவும்தான் என்பது இப்போது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அவர் 2020-ல் காலமானார்.

உருவத்தைப் போலவே முக்கியமானது அதன் கணக்கு. 510 காரின் நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 83 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 73.7 மில்லிமீட்டர். மொத்தம் 1595 சிசி. 240 இசட்டின் ஆறு சிலிண்டர் இஞ்சினிலும் அதே 83, அதே 73.7. இரண்டு சிலிண்டர் கூடியது, 2393 சிசி ஆனது. பெயரில் உள்ள 240 அதுதான். அளவுகள் ஒன்று என்றால் கடைசல் இயந்திரங்கள், உதிரிப் பாகங்கள், தொழிலாளியின் கைப்பழக்கம் எல்லாமே பாதிக்கு மேல் ஏற்கெனவே தயார் என்று அர்த்தம். கார்புரேட்டர்கள் இங்கிலாந்தின் எஸ்.யூ. வகையை உரிமம் பெற்று ஹிட்டாச்சி செய்தவை. சுமார் 150 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,050 கிலோ எடை, மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டும் வேகம், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்.

1969 இறுதியில் அறிமுகமாகி 1970-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது இதன் விலை 3,526 டாலர். அன்றைக்கு ஜாகுவார் இ-டைப் 5,000 டாலருக்கு மேல், போர்ஷ 911 அதற்கும் மேல். எம்.ஜி., ட்ரையம்ஃப் என்று மலிவான ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்கள் இருந்தன. ஆனால் அவற்றின் மின்சார இணைப்பும் எண்ணெய் ஒழுக்கும் பிரசித்தம். சனிக்கிழமை வண்டிக்கு அடியில் படுப்பதற்காகவே வாங்கும் கார்கள் என்று சொல்லலாம். டாட்ஸன் திங்கட்கிழமை காலையில் ஸ்டார்ட் ஆகி வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனது. பள்ளி ஆசிரியரும் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாயும் மாதத் தவணையில் வாங்கக்கூடிய, ஜாகுவார் போலத் தெரிகிற, தினமும் ஓடுகிற கார். அந்த விலையில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தது அதற்கு முன் இல்லை.

பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. நிஸ்ஸான் தலைவர் கட்சுஜி கவமட்டா அமெரிக்காவில் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகத்தைப் பார்த்து மயங்கிப்போய், கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஃபேர்லேடி என்று பெயர் சூட்டியிருந்தார். ஜப்பானில் இன்றைக்கும் அந்தக் கார் ஃபேர்லேடி இசட்தான். இந்தப் பெயரோடு அமெரிக்க இளைஞனிடம் ஸ்போர்ட்ஸ் கார் விற்க முடியாது என்று கதயாமாவுக்குத் தெரியும். வந்து இறங்கிய கார்களிலிருந்து ஃபேர்லேடி பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, 240 இசட் என்று மாட்டினார். தலைவர் வைத்த பெயரைக் கழற்றுவது சாதாரண விஷயமா? சந்தை அவரைக் காப்பாற்றியது. கார் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். டீலர்கள் குறித்த விலைக்கு மேல் கேட்டார்கள், கொடுத்தார்கள். 240, 260, 280 என்று அந்த முதல் தலைமுறை 1978-ல் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பெரும்பகுதி அமெரிக்காவில்.

சேற்றிலும் தார்ச்சாலையிலும்

பந்தயங்கள் இந்தப் பெயரை மேலும் ஏற்றிவிட்டன. அமெரிக்காவில் பீட்டர் ப்ராக்கின் அணி தயார்செய்த 240 இசட்டை ஓட்டி ஜான் மார்ட்டன் 1970, 1971 இரண்டு ஆண்டுகளும் தன் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில், செம்மண்ணும் சேறும் கால்நடைகளும் குறுக்கிடும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில், 1971-ல் எட்கர் ஹெர்மானும் ஹான்ஸ் ஷூல்லரும் இதே காரில் வென்றார்கள்.

1973-ல் அதை வென்றவர் சேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். அதற்கு முந்தைய ஆண்டுதான் இடி அமீன் ஆசியர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியிருந்தார். இன்னொரு டாட்ஸனில் வந்த ஸ்வீடன்காரர் ஹாரி கால்ஸ்ட்ரோமும் மேத்தாவும் சமப் புள்ளிகளில் முடித்து, விதிப்படி மேத்தாவுக்கு வெற்றி கிடைத்தது. பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை, ஆக மொத்தம் ஐந்து முறை அந்த ராலியை வென்றார்.

விலகிப்போன கார்

கார் மாறத் தொடங்கியது சீக்கிரமே. புகை மாசு விதிகளுக்காக 1973 மாடலில் புதுவகைக் கார்புரேட்டர்கள் வந்தன. சூட்டில் திணறின. உரிமையாளர்கள் பலர் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு முந்தைய வருடத்தின் கார்புரேட்டர்களைத் தேடி மாட்டினார்கள். அடுத்து மோதல் விதிகளுக்காகக் கனத்த பம்பர்கள் வந்தன. எடை கூடியது, கூடிய எடையை இழுக்க இஞ்சின் பெருத்தது. 1975-ல் 280 இசட். அதற்குப் பிறகு வந்த 280 இசட்எக்ஸ் சொகுசுக் காராகவே மாறிவிட்டது.

1977-ல் கதயாமாவை ஜப்பானுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் டாட்ஸனைக் கட்டியெழுப்பியவருக்கு உள்ளூரில் பெரிய நாற்காலி எதுவும் காத்திருக்கவில்லை. 1981-ல், உலகம் முழுக்க ஒரே பெயர் என்ற கொள்கையில், டாட்ஸன் என்ற பெயரையும் கைவிட முடிவு செய்தார்கள். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. டென், அவோயாமா, டக்கெயுச்சி என்ற மூன்று முதலீட்டாளர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து டாட் என்றொரு கார் 1914-ல் வந்தது. 1931-ல் அதன் சின்ன வடிவத்துக்கு ‘டாட்டின் மகன்’ என்ற பொருளில் டாட்ஸன் என்று வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் ‘சொன்’ என்றால் நஷ்டம் என்று பிறகு உறைத்ததும், ஆங்கில எழுத்தை மாற்றி மகனைச் சூரியனாக்கினார்கள். ஐம்பது வருடம் ஓடிய பெயர். அமெரிக்காவில் அதைக் கழற்ற எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஆனது, செலவும் கோடிக்கணக்கில்.

கார் மட்டும் நல்ல காராகத்தான் இருந்தது. 1989-ல் வந்த 300 இசட்எக்ஸ், டர்போ வடிவத்தில் 300 குதிரைத்திறன் கொண்ட அருமையான வண்டி. ஆனால் யென் மதிப்பு ஏற ஏற விலையும் ஏறியது. 1996-ல் சாதா வடிவமே 37,000 டாலருக்கு மேல். ஆசிரியரும் சிப்பாயும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். அந்த வருடத்தோடு அமெரிக்காவில் இசட் விற்பனை நின்றது.

அதே 1996-ல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் அமெரிக்காவைக் கலக்கியது. ஒரு பொம்மை வீரன் சிவப்பு 300 இசட்எக்ஸ் பொம்மைக் காரில் ஏறி, இன்னொரு பொம்மைப் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்புவான். கடைசியில் தொப்பி போட்ட ஜப்பானியப் பெரியவர் ஒருவர் சிரிப்பார். மிஸ்டர் கே. அமெரிக்க டீலர்கள் கதயாமாவைச் செல்லமாக அழைத்த பெயர் அது. நடித்தவர் ஒரு நடிகர். உயிரோடு இருந்த மனிதரை ஒதுக்கி வைத்த கம்பெனி, அவருடைய சாயலை வாடகைக்கு எடுத்து விளம்பரம் செய்தது. விளம்பரத்துக்குக் கைதட்டல் கிடைத்தது, விற்பனை கூடவில்லை. விளம்பரத்தில் ஓடிய காரோ அமெரிக்க விற்பனையின் கடைசிக் கட்டத்தில் இருந்தது.

இந்த வெற்றிடத்தில்தான் மீட்டெடுக்கும் திட்டம் வந்தது. புது இசட் இல்லையா? பழைய இசட்டையே புதிதாக்கி விற்போம்.

கம்பளத்துக்கு அடியில்

எடுத்துக்கொண்டவை 1970 முதல் 1972 வரையிலான கார்கள். வேலை கலிஃபோர்னியாவில் இசட் கார்களையே பார்த்துப் பழகிய சில சிறிய பட்டறைகளுக்குப் போனது. பட்டறைக்குள் வந்த காரில் முதலில் தேடுவது துருவை. எழுபதுகளின் ஜப்பானியத் தகடு மெல்லியது, துத்தநாகப் பூச்சு கிடையாது. இந்தக் காருக்குத் தனியாக சேஸி என்று ஒன்றும் இல்லை. தகடுகளை ஒட்டவைத்துச் செய்த உடம்புதான் எலும்புக்கூடும். அதனால் துரு என்பது தோல் நோயாக நிற்காது, எலும்பில் இறங்கிவிடும்.

எங்கெல்லாம் துரு பிடிக்கும் என்பது இந்தக் காரைத் தொட்ட எல்லா மெக்கானிக்குகளுக்கும் மனப்பாடம். பேட்டரி வைக்கும் தட்டிலிருந்து அமிலம் சொட்டி, கீழே உள்ள நீளச் சட்டத்தைத் தின்றிருக்கும். கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துவாரத்தில் சருகு அடைத்து, தண்ணீர் உள்ளேயே தேங்கியிருக்கும். கதவுக்குப் பின்னால் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூலை, ஸ்டெப்னி டயர் உட்காரும் பள்ளம், காலடித் தரை. தரையின் மேல் ஒட்டியிருக்கும் தார் விரிப்பு பார்க்க நன்றாகவே இருக்கும், உரித்தால் கீழே சாலை தெரியும்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, எல்லாவற்றையும் கழற்றுவது. இஞ்சின், கியர்பாக்ஸ், இருக்கை, கண்ணாடி, ஒயர் கற்றை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பெயிண்ட்டைச் சுரண்டித் தகட்டின் நிஜ நிறத்தைப் பார்க்க வேண்டும். அழுகிய இடத்தை வெட்டி, அதே வடிவத்தில் தகடு வளைத்து வெல்டிங் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம். இஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்ற வேண்டும். வெயிலில் வெடித்த டேஷ்போர்டுக்கு மாற்று தேட வேண்டும். கதவு ரப்பரில் ஆரம்பித்து இருக்கைத் துணி வரை நூற்றுக்கணக்கான சில்லறைச் சாமான்கள். நூற்றுக்கணக்கான மணிநேரம் இதில் போகும். அத்தனையும் அமெரிக்கக் கூலியில்.

கணக்கு இடித்தது இங்கேதான். தொழிற்சாலையில் ஓர் அச்சு இயந்திரம் சில நொடிகளில் ஒரு கதவுத் தகட்டை அடித்துப் போடும். பட்டறையில் ஒரு மனிதர் உள்ளங்கை அகலத் துருவை வெட்டி ஒட்டுப்போட அரை நாள் ஆகும். 3,526 டாலருக்கு அந்தக் காரைத் தர முடிந்தது, அது லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால். 1970-ன் அந்த விலை, பணவீக்கத்தைச் சேர்த்தால், 1997-ல் ஏறத்தாழ 14,600 டாலர். மீட்டெடுத்த காருக்கு அதைவிடப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் கூட்டி வாங்கியும் கம்பெனிக்குக் கட்டுபடியாகவில்லை. வாங்கிய பழைய கார்கள் நினைத்ததைவிட மோசமாக இருந்தன. நிஸ்ஸானின் நிதி நிலைமையும் கவிழ்ந்துகொண்டிருந்தது. நஷ்டம் என்று பொருள்படும் எழுத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

மலிவாகச் செய்யப்பட்ட பொருளை மலிவாக மீட்டெடுக்க முடியாது என்பதுதான் அந்த நாற்பது கார்கள் கற்றுத்தந்த பாடம். நம் வீட்டு விஷயத்திலும் இது உண்மைதானே? ஐம்பது வருடத்துக்கு முன் சாதாரணமாகக் கிடைத்த மரவேலையை இன்றைக்கு அதே மாதிரி செய்யக் கேட்டால் தச்சர் சொல்லும் கூலியைக் கேட்டுத் திகைத்துப்போகிறோம். பொருள் பழையதாகிறது. அதைச் செய்த கூட்டு உழைப்பு கலைந்துவிடுகிறது. பிறகு ஒற்றை மனிதர் தனியாக அத்தனையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. மீட்டெடுத்த காரின் விலை, காணாமல்போன அந்தத் தொழிற்சாலையின் விலை.

ஒரகடத்தில் ஒரு பெயர்

1999-ல் நிஸ்ஸானின் கடன் சுமார் 2 லட்சம் கோடி யென். பிரான்சின் ரெனோ கம்பெனி 36.8 சதவீதப் பங்கை வாங்கிக் காப்பாற்றியது. அங்கிருந்து வந்த கார்லோஸ் கோஸ்ன் தொழிற்சாலைகளை மூடினார், ஆட்களைக் குறைத்தார். ஆனால் இசட்டை மறுபடி கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். 2002-ல் வந்த 350 இசட்டின் ஆரம்ப விலை அமெரிக்காவில் 26,000 டாலர் சொச்சம். ஐந்து வருடங்களுக்கு முன் பட்டறையில் மீட்டெடுத்த பழைய காருக்குக் கேட்ட அதே விலை என்று கவனியுங்கள். அந்தப் பணத்துக்குப் புதிய இசட்டே தரலாம் என்று தொழிற்சாலை கண்டுபிடித்திருந்தது. கார் நன்றாக விற்றது.

அடுத்த மீட்டெடுப்பு நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2013-ல் கோஸ்ன் புதுதில்லியில் மேடையேறி, உயிர்ப்பித்த டாட்ஸன் என்ற பெயரில் முதல் காரை அறிமுகப்படுத்தினார். டாட்ஸன் கோ என்ற சின்னக் கார், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் தொழிற்சாலையில் தயாரானது. 2014-ல் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை 3.12 லட்சம் ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் இது கதயாமாவின் பழைய கணக்குதான். கையில் கொஞ்சம் காசு வைத்திருப்பவனுக்கு ஒரு கார்.

அதே வருடம் நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தக் காரை மோதிப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ஜியம் நட்சத்திரம். உடம்பே நிலைகுலைந்துவிடுவதால் காற்றுப்பை வைத்தாலும் பெரிய பயன் இருக்காது என்று சொல்லி, அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி காரைத் திரும்பப் பெறும்படி கோஸ்னுக்குக் கடிதம் எழுதினார். பிறகு மாற்றங்கள் செய்தார்கள், காற்றுப்பைகளும் வந்தன. ஆனால் முதல் பெயர் முதல் பெயர்தான். 2022-ல் டாட்ஸன் இரண்டாவது முறையாக மூடப்பட்டது.

கோ மட்டும் இங்கே மோசமான கார் இல்லை. இந்தியாவில் தயாரான வேறு பல கம்பெனிகளின் சின்னக் கார்களும் அந்தச் சமயத்தில் பூஜ்ஜியம் வாங்கியவைதான். ஆனாலும் அவற்றுக்கு இல்லாத ஒன்று கோவுக்கு இருந்தது. பழைய டாட்ஸன் என்ற நினைவைக் காட்டி அதை விற்றார்கள். 1970-ன் டாட்ஸனும் மலிவு. அந்த மலிவு, வாங்குபவனுக்கு ஒரு போர்ஷவின் பாதி விலையில் போர்ஷவோடு ஓடக்கூடியதைக் கொடுத்தது. இவனுக்கு இது போதும் என்று நினைத்து மலிவாக்குவது வேறு, இவனுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று நினைத்து மலிவாக்குவது வேறு. பின்னதற்கு வாங்குபவனிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து தலைமையகத்தோடு சண்டை போட ஒரு ஆள் வேண்டும். பெயர்ப்பட்டையைத் திரும்ப ஒட்டலாம். அந்த ஆளை எந்தப் பட்டறையில் செய்து வாங்குவது? கதயாமா 2015 பிப்ரவரியில், 105 வயதில் காலமானார். டாட்ஸனின் மறுபிறப்பு அவர் கண்முன்னேதான் நடந்தது.

விற்பனைக்கு

2020 ஜனவரியில் 1971 மாடல் 240 இசட் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. சுமார் 21,000 மைல் மட்டுமே ஓடி, பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்த கார். கம்பெனியே முன்னின்று மீட்டெடுத்த காரின் விலையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பழைய கார்ச் சந்தையின் கொடூரமான நியாயம் இது. ஒரு பொருளைச் சீர்செய்ய எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். சீர்செய்யப்படாமலே பிழைத்திருப்பதற்கான விலையை யாராலும் பட்டறையில் உண்டாக்க முடியாது.

அதற்காக மீட்டெடுத்த கார் இளப்பமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஏலத்தில் போகும் கார் பெரும்பாலும் குளிரூட்டிய கொட்டகைக்குள் போய்விடும். ஒவ்வொரு கல் தெறிப்பும் பல ஆயிரம் டாலர் என்றால் யார் ஓட்டுவார்கள்? மீட்டெடுத்ததை எடுத்துக்கொண்டு மழையிலும் கிளம்பலாம். கதயாமா கேட்டது தினமும் ஓடும் காரை. அந்த அளவில் அவருடைய எண்ணத்துக்கு நெருங்கிய உறவு ஒட்டுப்போட்ட காருக்குத்தான்.

ஆனால் வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ‘முழுவதும் மீட்டெடுக்கப்பட்டது, ஷோரூம் கண்டிஷன்’ என்று எழுபதுகளின் இசட் ஒன்று விற்பனைக்கு வந்தால் பெயிண்ட்டின் பளபளப்பைப் பார்த்துப் பயனில்லை. பானெட்டைத் திறந்து, அங்கே உள்ள தகட்டில் பொறித்திருக்கும் இஞ்சின் எண்ணும் இஞ்சினிலேயே பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஆரம்பகாலக் கார்களில் பின்கதவில் இரண்டு காற்றுத் துவாரங்கள் இருக்கும், பிந்தையவற்றில் அவை பக்கத் தூணுக்கு இடம் மாறிவிட்டன. சொல்லப்படும் வருடமும் துவாரமும் பொருந்துகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பெயிண்ட் அடிப்பதற்கு முன் வெறும் தகடாக நின்றபோது எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். நேர்மையாக வேலை செய்தவர் அந்தப் படங்களைக் கட்டாயம் வைத்திருப்பார். எங்கே அழுகியிருந்தது, எதை வெட்டினார், என்ன ஒட்டினார் என்று விரல் வைத்துக் காட்டுவார். படம் இல்லை என்றால் துரு உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.